காரில் வைத்த மாவு

டிசம்பர் வந்துவிட்டால் புனேயில் இட்லி மாவு பொங்காது. ராத்திரி அரைத்து வைத்தது காலையில் அப்படியே கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். இங்கே குடியிருக்கும் தமிழ்க்காரர்கள் ஆளுக்கொரு வித்தை வைத்திருக்கிறார்கள். எங்கள் மாடியில் ஒரு வீட்டில் மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்திக் கட்டிலில் படுக்க வைக்கிறார்கள். கோர்படி ரயில்வே காலனியில் இருக்கும் என் சிநேகிதி மைக்ரோவேவுக்குள் வைத்துப் பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீரும் வைக்கிறாள். என் அப்பா காரில் வைத்தார்.

எங்கள் காரில். கோந்த்வாவில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியின் திறந்தவெளி பார்க்கிங்கில் காலை வெயில் முதலில் விழுவது எங்கள் இடத்தில்தான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் உள்ளே கதகதவென்று ஆகிவிடும். நான் வங்கிக்கு ஸ்கூட்டரில் போகிறவள். கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆகவே வார நாட்களில் கார் சும்மா நிற்கும். இதையெல்லாம் வந்த கொஞ்ச நாளிலேயே கவனித்துவிட்டு, கதவோரம் ஆணியில் தொங்கும் மாற்றுச் சாவியை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், மாவுத் தூக்கைத் தன்னுடைய பழைய பேக்டரி ஸ்வெட்டரில் சுற்றி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரையில் வைத்துவிட்டு வருவார். மத்தியானம் போய் எடுத்து வருவார். மாவு பூப்போல இருக்கும். அந்த இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே, "கார்ல உளுந்து வாடை அடிக்குதுப்பா, இதெல்லாம் ஒரு வேலையா?" என்று நான் சிடுசிடுப்பேன். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அதுவும் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அப்பா குடியாத்தம் பக்கத்துக்காரர். இருபது வயதில் இங்கே புனேயில் கட்கிக்கு வந்து ஆர்டினன்ஸ் பேக்டரியில் சேர்ந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் அங்கேதான். ஓய்வு பெற்ற பிறகு, பேக்டரிக்குப் பின்னாலுள்ள ஒரு சந்தில் வாடகை அறை எடுத்து அம்மாவும் அவரும் இருந்தார்கள். அம்மா போன பிறகும் அவர் அந்த அறையை விடவில்லை. என்னோடு வந்து இருக்கும்படி நான் கெஞ்சினேன், கோபித்தேன், பேசாமல்கூட இருந்து பார்த்தேன். கடைசியில் "குளிருக்கு மட்டும் வர்றேன்" என்று இரண்டு பைகளும் கிரைண்டருமாக ஆட்டோவில் வந்து இறங்கினார். வழி முழுக்கக் கிரைண்டரை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். அறையைக் காலி செய்யவில்லை.

அவர் நிரந்தரமாக எங்களோடு இருந்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே ஆசை. அந்த ஆசையை மனதில் வைத்துக்கொண்டே நாள் முழுக்க அவரோடு சண்டை பிடித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிவியைச் சத்தமாக வைப்பார். குழாயை இறுக்கி மூட மாட்டார், மூடினால் யாராலும் திறக்க முடியாதபடி மூடுவார். வாட்ச்மேனிடம் எங்கள் வீட்டுக் கதையெல்லாம் மராத்தியில் சொல்லுவார். எல்லாவற்றையும்விட என்னைப் பைத்தியமாக்கியது அவர் போன் பேசும் விதம். பேசி முடித்தபின் வைக்க மாட்டார். எதிராளிதான் வைக்க வேண்டும். பேக்டரியில் ஆபீசர் உள்போனில் பேசினால் அவர் வைத்த பிறகுதான் இவர் வைக்க வேண்டுமாம். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. "சரிப்பா, வச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு நான் மறந்துபோனால், நான் காய்கறி வாங்குவது, ஆட்டோக்காரனோடு சண்டை போடுவது எல்லாவற்றையும் அங்கே கேட்டுக்கொண்டிருப்பார். சாயங்காலம் வந்ததும், "இன்னாம்மா, கொத்தமல்லி ரொம்ப வெலயா?" என்பார். "ஒட்டுக்கேட்டியா?" என்று கத்துவேன். "நீ வெக்கல, நான் இன்னா பண்றது?" என்று சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லித் தட்டை வழித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "இந்த மாசக் கடைசில அந்த ரூமைக் காலி பண்ணிடலாம்னு இருக்கேன். சும்மா பூட்டி வெச்சிக்கினு எதுக்கு?"

பேசினால் மனசு மாறிவிடுவாரோ என்று பயம். சமையலறைக்குள் போய் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இதுக்கு ஏன் அழறே, சந்தோஷப்படு" என்றார் அவர். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

அதே வாரத்தில்தான் அது நடந்தது.

வங்கியின் வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி எங்கள் கிளையைப் பார்க்க வருவதாக இருந்தது. வடக்கே பிறந்து வளர்ந்தவர், இந்தி தவிர வேறு பேச மாட்டார். அடுத்த மாதம் எனக்கு நடக்கவிருந்த பதவி உயர்வு நேர்முகத்தில் கேள்வி கேட்பவர்களில் அவரும் ஒருவர் என்று எல்லோருக்கும் தெரியும். அவரை விமான நிலையத்திலிருந்து அழைத்துவர ஆபீஸ் வண்டி கிடைக்காது என்று சாயங்காலம் செய்தி வந்தது. கிளையில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருக்க, நான்தான் முந்திக்கொண்டு "என் காரில் கூட்டிவருகிறேன்" என்றேன். அதை வீட்டில் கணவரிடம் சொன்னேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மறுநாள் பட்டுப் புடவை கட்டி, வாசனை போட்டுக்கொண்டு, லிஃப்டில் கண்ணாடி பார்த்துத் தலைமுடியைச் சரி செய்து, காரில் ஏறினேன். அப்பா அப்போது காலை நடை போயிருந்தார். பின்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. உளுந்து வாடை லேசாக அடித்தது. அது எப்போதும் இருப்பதுதான் என்று கொஞ்சம் சென்ட்டைச் சீட்டிலும் தெளித்தேன்.

லோஹேகாவ் விமான நிலையத்தில் விமானம் தாமதம். கார் அங்கே நல்ல வெயிலில் நின்றது. அதிகாரி வந்தார். பெரிய பெட்டியை டிக்கியில் வைத்தேன். அவர் பின் சீட்டில் ஏறி, தோல் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, புனேயின் சாலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நான் எல்லாவற்றுக்கும் "ஹாங் ஜி, ஹாங் ஜி" என்றேன். கோர்படி ரயில்வே கேட் மூடியிருந்தது. நிறுத்தினோம். கொஞ்ச நேரத்தில் அவர் மூக்கைச் சுருக்கி, "என்ன வாசனை இது, புளிச்ச மாதிரி?" என்று கேட்டார். "வெளியே சாக்கடை, மேடம்" என்று கண்ணாடியை ஏற்றினேன். வாடை இன்னும் கூடியது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

கேட் திறந்தது. தண்டவாளத்தின் மேல் கார் ஒரு குலுங்கு குலுங்கியது. பின்னால் தட்டு விழுவது போல ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து அவருடைய அலறல். ஓரமாக நிறுத்தி இறங்கிக் கதவைத் திறந்தேன். தூக்கின் மூடி ஒரு பக்கம் கிடக்க, பொங்கிப் பொங்கி வழிந்த மாவு அவருடைய செருப்பையும் பையின் அடிப்பக்கத்தையும் மூடியிருந்தது. அப்பாவின் ஸ்வெட்டர் அதில் ஊறிக் கிடந்தது. அவ்வளவு நன்றாகப் பொங்கிய மாவை அந்தக் குளிர்காலம் முழுக்க நான் பார்க்கவில்லை.

அவர் கோபிக்கவில்லை. "பரவாயில்லை, பரவாயில்லை" என்றார். கோபித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அந்தப் பரவாயில்லைதான் என்னை என்னவோ செய்தது. இதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று அவர் முன்னால் நிரூபித்தாக வேண்டும் என்ற வெறி வந்தது. போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, பானட்டின் மேல் வைத்தேன். ஒரு கையில் டிஷ்யூ, ஒரு கையில் தண்ணீர் பாட்டில். குனிந்து துடைத்துக்கொண்டே பேசினேன்.

இந்தியில் பேசினேன்.

என் வாழ்க்கையில் அப்பாவோடு நான் இந்தியில் பேசியதில்லை. பள்ளிக்கூட வாசலில், மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் நடுவில்கூடத் தமிழில்தான் "வாப்பா போலாம்" என்பேன். இந்தி அவருக்கு மேஸ்திரிகளோடும் கடைக்காரர்களோடும் பேசுவதற்கு. அன்று அந்த அம்மாள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து, இந்தியில் திட்டினேன். யாரைக் கேட்டு வண்டியைத் திறந்தீர்கள், எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், அறிவு வேண்டாமா என்றெல்லாம். வீட்டில் நீ, வா, போ என்று கூப்பிடுகிற அப்பாவை அன்று 'ஆப்' என்று மரியாதையாக அழைத்துத் திட்டினேன்.

பிறகு அப்பாவின் குரல் வந்தது. "கல்தி ஹோ கயி, ஜி."

தப்பு நடந்துவிட்டதாம். ஆபீசர் முன்னால் தொப்பியைக் கழற்றி நின்று சொல்கிற குரலில் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, வழக்கம்போல் நான் வைப்பதற்காகக் காத்திருந்தார். நான் வைக்கவில்லை. இரண்டு கையிலும் மாவு.

அதிகாரி செருப்பைக் கல்லில் தேய்த்துக்கொண்டே, உண்மையிலேயே அனுதாபமாகக் கேட்டார்: "நௌகர் ஹை க்யா?" வேலைக்காரரா என்று.

நான், "ஹாங் ஜி. நயா ஹை" என்றேன். ஆமாம், புது ஆள்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயிலிருந்து தானாக வந்தது. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருக்காது என்று தோன்றுகிறது. அந்த அம்மாள் தலையாட்டி, இந்தக் காலத்தில் நல்ல ஆள் கிடைப்பதில்லை என்று ஏதோ சொன்னார். நான் அதற்கும் "ஹாங் ஜி" என்றேன். நிமிர்ந்தபோதுதான் பானட்டின் மேல் போன் கண்ணில் பட்டது. திரையில் 'அப்பா' என்ற பெயரும், அதன் கீழே ஓடிக்கொண்டிருந்த வினாடிகளும். மாவுக் கையோடு அழுத்தி வைத்தேன்.

அவர் கேட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவருக்கு இடது காது கொஞ்சம் மந்தம். போனை எந்தக் காதில் வைத்திருந்தாரோ. இப்படியெல்லாம் அன்று முழுக்க எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நான் வந்தபோது அப்பா கீழே பார்க்கிங்கிலேயே நின்றிருந்தார். பக்கத்தில் வாளி, பிரஷ், சோப்புத் தூள். "சாவி குடும்மா" என்றார். அதுவரை அவர் என்னிடம் சாவி கேட்டதே இல்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். பால்கனியிலிருந்து பார்த்தேன். தரை விரிப்புகளை எடுத்துக் கல்லில் போட்டுத் தேய்த்தார். சீட்டுக்கடியில் தலையை நுழைத்து, முழங்காலில் நின்று, சந்து பொந்தெல்லாம் குச்சியால் நோண்டினார். வாட்ச்மேன் வந்து பார்த்தான். நாயோடு நடக்கிறவர்கள் நின்று பார்த்தார்கள். என் கணவர் இறங்கிப் போனார். "நீங்க போங்க மாப்ள, ஆபீஸ் வேலை இருக்கும்" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் இறங்கிப் போகவில்லை. பாவமாகவும் இருந்தது, கோபமும் முழுக்கத் தீரவில்லை. அந்தக் கோபத்தை விட்டுவிட்டால் செய்த காரியத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன் என்று இப்போது தெரிகிறது. இருட்டுகிறவரை அவர் தேய்த்தார். நான் டீ போட்டு, அதைக் கொண்டுபோய்க் கொடுக்காமல், ஆறவிட்டுக் கொட்டினேன்.

அதற்குப் பிறகு வீட்டில் எனக்கு எரிச்சல் தரும் காரியம் எதுவுமே நடக்கவில்லை. டிவி சத்தம் குறைந்தது. குழாய் சொட்டவில்லை. தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். கிரைண்டரைத் துடைத்துத் துண்டு போர்த்தி மூலையில் வைத்துவிட்டார். நாங்கள் பாக்கெட் மாவு வாங்கினோம். "நல்லாதான் இருக்குது" என்று சாப்பிட்டார். வீடு நான் எப்போதும் கேட்டபடி ஆகிவிட்டது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு நாள், "ஏம்ப்பா இப்படி விருந்தாளி மாதிரி இருக்கே?" என்று அதையும் சிடுசிடுப்பாகத்தான் கேட்டேன். "எப்பவும் போலத்தாம்மா இருக்கேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்க ஒரு தடவை முயன்றேன். "அப்பா, அன்னிக்கு போன்ல..." என்று ஆரம்பித்தேன்.

"விடும்மா" என்றார். "மேல இருக்கறவங்க பக்கத்துல நின்னா வாய் அப்படித்தான் வரும். நான் பாக்காததா?"

எந்த வாயைச் சொல்கிறார்? திட்டியதையா, அதற்குப் பிறகு சொன்னதையா? கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்து, "மாத்திரை போட்டியா?" என்றேன்.

மாதக் கடைசி வந்தது. அறையைக் காலி செய்வதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நான்தான், "ஞாயித்துக்கெழம போய் சாமான எடுத்துட்டு வந்துடலாமா?" என்றேன். "போலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. சாமான் கட்டச் சாக்கும் கயிறும் வாங்கி வைத்தேன். கிளம்பும்போது பார்த்தால் கிரைண்டரையும் எடுத்துக்கொண்டு வருகிறார். "அது எதுக்குப்பா?" என்றேன். "கல்லு கொத்தணும். அங்க தெரிஞ்ச ஆளு இருக்கான்" என்றார். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

காரில் என் பக்கத்துச் சீட்டுக் கதவைத் திறந்தவர், உடனே உட்காரவில்லை. அக்குளில் வைத்திருந்த பழைய செய்தித்தாளை எடுத்து, விரித்து, சீட்டின் மேல் நான்கு பக்கமும் இழுத்துவிட்டு, அதன் மேல் உட்கார்ந்தார். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சீக்கிரம்ப்பா, வண்டி நிக்குது." வழி முழுக்க அவர் அசையும்போதெல்லாம் காகிதம் சரசரத்தது. ரேடியோவைப் போட்டேன்.

அறையைத் திறந்து கூட்டினார். குடத்தில் தண்ணீர் பிடித்தார். அம்மாவின் படத்தைத் துடைத்தார். நான் சாக்கை விரித்துக்கொண்டு நின்றேன். அவர் ஸ்டவ்வைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அப்பா" என்றேன்.

"குளிர் விட்டுடிச்சும்மா" என்றார். குளிர் விடவில்லை. ஜனவரி தொடங்கியிருந்த நேரம். "இங்க நாலு பேரு பேசறதுக்கு இருக்கான். நீ டீ குடிச்சிட்டுக் கெளம்பு, டிராபிக் ஆயிடும்." குரலில் துளிக் கோபமில்லை. சர்க்கரை எனக்குப் பிடித்த மாதிரி கூடப் போட்டிருந்தார். வாசல்வரை வந்து, சீட்டில் கிடந்த செய்தித்தாளை எடுத்து மடித்துக்கொண்டு, வண்டி திரும்பும்வரை நின்றார். காலிச் சாக்குகளோடு வீட்டுக்கு வந்தேன்.

பதவி உயர்வு கிடைத்தது. அதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. நேர்முகத்தில் அந்த அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்து, புது ஆள் எப்படியிருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன்.

அப்பாவைப் போய்ப் பார்க்கிறேன். அவரும் பண்டிகைக்கு வருகிறார், சாப்பிடுகிறார், சாயங்காலமே பஸ் ஏறிவிடுகிறார். இந்த டிசம்பரில் நானே மாவு அரைக்க ஆரம்பித்தேன். போன வாரம் ஒரு காலையில் பாத்திரத்தைத் திறந்தால் மாவு அசையாமல் கிடந்தது. போன் செய்தேன். உண்மையில் மாவுக்காகச் செய்யவில்லை. எதைச் சொல்ல வேண்டுமோ அதை இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, மாவைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

"மாவு பொங்கலப்பா."

"கார்ல வைம்மா" என்றார் உடனே. "வெயில் விழற பக்கமா வை. மூடிக்கி மேல கனமா எதனா வை. வண்டிய எடுக்கறதுக்கு முன்ன பின்னால ஒருதரம் பாத்துக்கோ." பழைய அக்கறை, பழைய குரல்.

"அப்பா, நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். பதில் இல்லை. காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். வைத்துவிட்டிருந்தார்.

யோசித்துப் பார்த்தேன். அந்த மாதத்துக்குப் பிறகு என் போனை ஒவ்வொரு தடவையும் அவர்தான் முதலில் வைத்திருக்கிறார். சொல்ல வேண்டியதைச் சொன்ன கையோடு வைத்துவிடுகிறார், அதற்கு மேல் எதுவும் காதில் விழுந்துவிடாதபடி.